குடல் செருகலுக்கு ஆபரேஷன், பயாப்சியில் 'இன்ஃப்ளமேட்டரி ஃபைப்ராய்டு பாலிப்': இது கேன்சரா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அம்மாவுக்கு 56 வயது. சில மாதங்களாக விட்டு விட்டு வயிற்று வலி, கூடவே வாந்தி. ஒரு நாள் இரவு தாங்க முடியாமல் போய் சிடி ஸ்கேன் எடுத்ததில் குடலுக்குள் குடல் செருகியிருப்பது தெரிந்தது. மறுநாளே ஆபரேஷன். சிறுகுடலின் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் 'இன்ஃப்ளமேட்டரி ஃபைப்ராய்டு பாலிப், இலியம்' என்று இருக்கிறது. கட்டியின் வகையை அறியப் போடும் ஸ்பெஷல் சாயங்களில் சி.டி.34 பாசிட்டிவ், சி.டி.117 நெகட்டிவ், டி.ஓ.ஜி.1 நெகட்டிவ், வெட்டு விளிம்புகளில் கட்டி இல்லை. ஆபரேஷன் செய்தவர் "ஒன்றுமில்லை, தையல் பிரிக்க வாருங்கள்" என்கிறார். உறவில் ஒரு டாக்டர் "இது ஜிஸ்ட் ஆக இருக்கலாம், ஜீன் டெஸ்ட் பண்ணிவிடுங்கள்" என்கிறார் (ஜிஸ்ட் என்பது குடல் சுவரில் வரும், கேன்சராக நடந்துகொள்ளக்கூடிய ஒரு வகைக் கட்டி). மாமா கீமோவுக்கு எந்த ஊர் நல்லது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அத்தையோ, ஃபைப்ராய்டு என்றால் கர்ப்பப்பைக் கட்டிதானே, அது எப்படிக் குடலுக்கு வந்தது என்று கேட்கிறார். கீமோ வேண்டுமா, பெட் ஸ்கேன் எடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்கு அடியில் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. 'ஒன்றுமில்லை' என்று சொன்னவரை நம்பலாமா? ஒன்றுமில்லாததற்கு எதற்காக இவ்வளவு குடலை வெட்டினார்கள்?

நான் பெத்தாலஜிஸ்ட். நோயாளியை அநேகமாக நேரில் பார்க்கவே மாட்டேன். அவர்களிடமிருந்து எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, உங்கள் கையில் இருப்பது போன்ற ரிப்போர்ட்டை எழுதுவதுதான் வேலை. உங்கள் அம்மாவின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதனால் கீழே சொல்வதெல்லாம் ரிப்போர்ட் சரி என்ற அடிப்படையில்தான். அது சரியா என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது என்றும் பிறகு சொல்கிறேன்.

நேரடியான பதில்: இது கேன்சர் இல்லை. கீமோ வேண்டாம். பெட் ஸ்கேனும் வேண்டாம். அத்தையிடம், கர்ப்பப்பைக் கட்டிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நார்த்திசு நிறைந்த கட்டி என்பதால் வந்த ஒரே மாதிரியான பெயர், அவ்வளவுதான்.

இந்தக் கட்டியை முதலில் தனியாக அடையாளம் கண்டு எழுதியவர் யோசெஃப் வானெக் என்ற செக் நாட்டுப் பெத்தாலஜிஸ்ட். 1949-ல் இரைப்பையில் வந்த சில கட்டிகளைப் பற்றி எழுதினார். அதனால் இன்றும் பல ரிப்போர்ட்களில், குறிப்பாக ஐரோப்பாவில், 'வானெக் ட்யூமர்' என்று எழுதுவார்கள். இப்போதுள்ள நீளமான பெயரை 1953-ல் ஹெல்விக், ரேனியர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வைத்தார்கள். இது அதிகம் வருவது இரைப்பையின் கீழ்ப்பகுதியில். அடுத்தபடியாக, உங்கள் அம்மாவுக்கு வந்த இலியத்தில், அதாவது சிறுகுடலின் பின்பாதியில். பெருங்குடலிலும் உணவுக்குழாயிலும் எப்போதாவது வரும். எந்த வயதிலும் வரலாம் என்றாலும் 50, 60 வயதுக்காரர்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம்.

சிறுகுடல் ஒரு விசித்திரமான உறுப்பு. உணவுப் பாதையின் மொத்த நீளத்தில் முக்கால் பங்கு அதுதான். உள்பரப்பைக் கணக்கிட்டால் இன்னும் அதிகம். அப்படியிருந்தும் உணவுப் பாதையில் வரும் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்துகூட அங்கே வருவதில்லை. உணவு அங்கே திரவமாக, வேகமாகக் கடந்து போவது, பாக்டீரியா குறைவாக இருப்பது, செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாவது என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லாமே நியாயமான ஊகங்கள், நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆக, சிறுகுடல் கட்டியே அபூர்வம். அதில் கேன்சர் அல்லாத கட்டிகளை எடுத்தால் கொழுப்புக் கட்டி, தசைக் கட்டி, அடினோமா, இரத்தக்குழாய்க் கட்டி என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையிலும் இது அடிக்கடி வருவதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் சர்ஜன்கூட இதைச் சிலமுறைதான் பார்த்திருப்பார். உறவுக்கார டாக்டர் குழம்பியதில் ஆச்சரியமே இல்லை.

'ஆறு மாதம் அலைந்தோம், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் இந்த இடத்தில் டாக்டர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். வாய் வழியாக விடும் எண்டோஸ்கோப்பி முன்சிறுகுடலோடு நின்றுவிடும். ஆசனவாய் வழியாக விடும் கொலோனோஸ்கோப்பி பெருங்குடலைத் தாண்டி இலியத்தின் கடைசிச் சில சென்டிமீட்டரை எட்டிப் பார்க்கும். நடுவில் பல மீட்டர் குடல் இரண்டுக்கும் எட்டாது. 2001-ல்தான் மாத்திரை போல விழுங்கும் கேப்ஸ்யூல் கேமரா புழக்கத்துக்கு வந்தது. அதே வருடத்தில் ஜப்பானின் யாமமோட்டோ இரட்டை பலூன் எண்டோஸ்கோப்பியைப் பற்றி எழுதினார். இரண்டும் எல்லா ஊரிலும் கிடைப்பவை அல்ல. அதோடு, குடல் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகப்படும் ஒருவருக்கு கேப்ஸ்யூலைக் கொடுத்தால் அதுவே உள்ளே மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. குடல் செருகல் வந்து வந்து போகும். குடல் எப்போதும் அலை அலையாகச் சுருங்கி உணவைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு கட்டி தொங்கினால், அதையும் உணவென்று நினைத்துத் தள்ளப் பார்க்கும். கட்டி போகும், ஆனால் அது ஒட்டியிருக்கும் குடல் சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மடித்துவிட்ட சட்டைக் கை போல, மேல்பகுதிக் குடல் கீழ்ப்பகுதிக் குடலுக்குள் போய்விடும். அப்போது வலிக்கும், வாந்தி வரும். கொஞ்ச நேரத்தில் தானாகவே விடுபட்டுவிட்டால் வலி நின்றுவிடும். மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு அல்ட்ராசவுண்டு எடுக்கப் போனால் எல்லாம் நார்மல். கேஸ் என்று மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுத்தால்தான் வட்டத்துக்குள் வட்டமாக அந்தச் செருகல் தெரியும். அன்று இரவு நீங்கள் வலியோடேயே கூட்டிப் போனதால்தான் பிடிபட்டது.

இரத்தசோகையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் அம்மாவின் பழைய இரத்தப் பரிசோதனைகளை எடுத்துப் பாருங்கள். கட்டியின் நுனி குடலில் உரசி உரசிப் புண்ணாகி, கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியும். மலத்தில் நிறம் மாறாது, ஆனால் ஹீமோகுளோபின் மெல்ல இறங்கும். நம் ஊரில் ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இரத்தசோகை என்றால், மாதவிடாய் நிற்கும் சமயத்தில் அதிகம் போயிருக்கும், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று முடித்துவிடுவார்கள். மாதவிடாய் நின்று வருடக்கணக்கான பிறகும் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால், உணவுப் பாதையில் எங்கோ கசிகிறது என்று தேடத்தான் வேண்டும். இதை உங்களுக்காக மட்டுமல்லாமல் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்.

சரி, எதற்கு இவ்வளவு வெட்டினார்கள்? கட்டி மூன்று சென்டிமீட்டர்தானே, அதை மட்டும் கிள்ளி எடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். குழந்தைகளுக்கு வரும் குடல் செருகலில் பெரும்பாலும் கட்டி எதுவும் இருக்காது. ஏதாவது வைரஸ் தொற்றில் குடல் சுவரில் இருக்கும் நிணநீர்த் திசு வீங்கியிருக்கும். அதனால் ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்தி விடுவித்துவிடுவார்கள், பல குழந்தைகளுக்கு ஆபரேஷனே தேவைப்படாது. பெரியவர்கள் கதை நேர் எதிர். மொத்தக் குடல் செருகலில் பெரியவர்களுக்கு வருவது சுமார் 5 சதவீதம்தான். ஆனால் ஆபரேஷன் வரை போகும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உள்ளே ஒரு காரணம் உட்கார்ந்திருக்கும். சிறுகுடல் என்றால் அது பெரும்பாலும் சாதாரணக் கட்டி அல்லது பழைய ஆபரேஷனின் ஒட்டல். பெருங்குடல் என்றால் கேன்சராக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் வயிற்றைத் திறந்து நிற்கும் சர்ஜனுக்கு, கைக்குத் தட்டுப்படும் கல் போன்ற அந்த உருண்டை எது என்று தெரியாது. லிம்ஃபோமா என்ற நிணநீர்த் திசுக் கேன்சராக இருக்கலாம், ஜிஸ்ட் ஆக இருக்கலாம், வேறெங்கோ இருக்கும் மெலனோமா என்ற தோல் கேன்சர் பரவியதாகக்கூட இருக்கலாம். கட்டியை நடுவில் வெட்டி, அது கேன்சர் என்று பிறகு தெரிந்தால் அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

இன்னொன்று, செருகிய குடலோடு அதன் இரத்தக் குழாய்கள் வரும் சவ்வும் உள்ளே போய் நசுங்குகிறது. முதலில் சிரை அடைபட்டுக் குடல் வீங்கும், பிறகு கருநீலமாக மாறும். அந்த வீங்கிய குடலைத் தையல் போட்டு இணைத்தால் பிரிந்துவிடும். அதனால் ஆரோக்கியமான குடல் வரும் இடம் வரை போய்த்தான் வெட்டுவார்கள். உங்கள் அம்மாவுக்குச் செய்தது எல்லாப் பாடப்புத்தகமும் சொல்வதுதான். நான் அந்த இடத்தில் நோயாளியாக இருந்தாலும் அப்படித்தான் வெட்டச் சொல்லியிருப்பேன்.

நீளத்தைப் பற்றி ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தீர்கள். சர்ஜன் ஒன்றரை அடி என்றார், ரிப்போர்ட்டில் 30 சென்டிமீட்டர் என்று இருக்கிறது, ஆள் மாறிவிட்டதா என்று. மாறவில்லை. இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வரும். உடலுக்குள் இருக்கும் குடல் நீட்டிப் படுத்திருக்கும். வெட்டி எடுத்த உடனேயே அதன் தசை சுருங்கும். பிறகு திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஓர் இரவு ஊறும்போது இன்னும் சுருங்கும். சர்ஜன் சொல்வது வயிற்றில் அளந்தது, நான் எழுதுவது மறுநாள் காலை என் மேஜையில் ஸ்கேல் வைத்து அளந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் ஆச்சரியம்.

அந்த மேஜையில் என்ன நடக்கிறது என்று சொன்னால் ரிப்போர்ட் மேல் உங்களுக்கு நம்பிக்கை வரலாம். குடலைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் திறப்போம். உள்ளே வழவழப்பான மடிப்புகளுக்கு நடுவில் இந்தக் கட்டி துருத்திக்கொண்டு நிற்கும். நுனியில் தோல் உரிந்து அழுக்குப் பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ புண். கத்தியால் குறுக்கே வெட்டினால் உள்ளே வெளிர் சாம்பல் நிறம், ரப்பர் போன்ற பிடிமானம். சளிப்படலத்துக்கு அடியில் இருக்கும் அடுக்கிலிருந்துதான் அது கிளம்பியிருக்கும். அதிலிருந்து நாலைந்து துண்டு, இரண்டு வெட்டு முனைகளிலிருந்தும் துண்டு, சவ்வுக் கொழுப்பில் விரலால் தடவித் தேடி எடுத்த நிணநீர்க் கணுக்கள் என்று எல்லாவற்றையும் மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவலாகச் சீவிச் சாயம் ஏற்றுவோம். ஸ்லைடில், தளர்வான திசுவில் கதிர் வடிவச் செல்கள் சிதறிக் கிடக்கும். சிறு சிறு இரத்தக் குழாய்கள் நிறைய இருக்கும், அவற்றைச் சுற்றி அந்தச் செல்கள் சுற்றுச் சுற்றாக அடுக்கி நிற்கும். நடுநடுவே செக்கச்செவேல் என்ற துகள்களோடு ஈயோசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள். இந்தச் சுற்றடுக்கும் ஈயோசினோஃபிலும் சேர்ந்து வந்தால், சாதாரணச் சாயத்திலேயே அநேகமாகப் பெயர் சொல்லிவிடலாம். சி.டி.34 முதலான ஸ்பெஷல் சாயங்கள் உறுதிப்படுத்தத்தான்.

இப்போது ஜிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உறவினர் சொன்னது முட்டாள்தனமான சந்தேகம் இல்லை. ஜிஸ்ட் என்பதும் குடல் சுவரிலிருந்து வரும் கதிர்வடிவச் செல் கட்டிதான். அதில் பலவும் சி.டி.34 பாசிட்டிவாகவே இருக்கும். அதனால் சி.டி.34 மட்டும் எதையும் முடிவு செய்யாது. ஜிஸ்ட்டைப் பிடித்துக் கொடுப்பவை சி.டி.117-ம் டி.ஓ.ஜி.1-ம். இரண்டும் உங்கள் அம்மாவுக்கு நெகட்டிவ். ஜிஸ்ட் பொதுவாகக் குடலின் தசை அடுக்கிலிருந்து கிளம்பும், இது தசைக்கு மேலே இருக்கும் அடுக்கிலிருந்து. இடம், உருவம், சாயம் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

ஆனால் ஜீன் டெஸ்ட் பற்றி அவர் சொன்னதை ஏற்க மாட்டேன், காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. இந்தக் கட்டி உண்மையில் கட்டியா, அல்லது ஏதோ புண்ணுக்கு உடல் காட்டும் எதிர்வினையா என்று அரை நூற்றாண்டுக்கு மேல் வாதம் நடந்தது. பெயரில் 'இன்ஃப்ளமேட்டரி' இருப்பதே அந்த வாதத்தின் மிச்சம்தான். 2008-ல் ஜெர்மனியில் ஒரு குழு இந்தக் கட்டிகளில் பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ என்ற ஜீனில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் லசோட்டா, மியெட்டினென் குழு சிறுகுடலில் வந்த 60 கட்டிகளைச் சோதித்து, பாதிக்கும் மேற்பட்டவற்றில் அதே மாற்றத்தைப் பார்த்தது. அத்தோடு வாதம் முடிந்தது, இது ஒரு செல்லில் ஏற்பட்ட மாற்றத்தால் வளர்ந்த உண்மையான கட்டிதான். வேடிக்கை என்னவென்றால், ஜிஸ்ட்டின் ஒரு சிறு பிரிவிலும் இதே ஜீனில், பல நேரம் இதே இடத்தில்தான் மாற்றம் இருக்கும். ஆகவே அம்மாவின் கட்டியில் ஜீன் டெஸ்ட் செய்து பாசிட்டிவ் வந்தாலும் அது ஜிஸ்ட் என்று ஆகிவிடாது. நெகட்டிவ் வந்தாலும் நோயின் பெயர் மாறாது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, 'மியூட்டேஷன் டிடெக்டட்' என்று தடித்த எழுத்தில் ஒரு காகிதத்தை வாங்கி வந்து வீட்டில் எல்லோரும் இன்னும் ஒரு மாதம் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். ஜீனில் மாற்றம் இருப்பதாலேயே ஒன்று கேன்சர் ஆகிவிடாது. சாதாரண மச்சங்களில்கூட ஜீன் மாற்றம் இருக்கிறது.

அந்தப் பணத்தில் செய்ய வேண்டியது வேறு. சந்தேகம் மனதை அரித்தால், லேபில் கேட்டு ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் வாங்கி, குடல் கட்டிகளை அதிகம் பார்க்கும் ஒரு பெரிய கேன்சர் மருத்துவமனையின் பெத்தாலஜி பிரிவில் இரண்டாவது கருத்துக்குக் கொடுங்கள். செலவு அதிகம் ஆகாது. முதல் பெத்தாலஜிஸ்ட் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம், எங்களுக்கு இது தினப்படி நடப்பது. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் பத்து டாக்டர்களுக்கு அனுப்புவதைவிட, ஒருவர் ஸ்லைடை நேரில் பார்ப்பது மேல். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் எளிது: இதைப் போலவே தோன்றக்கூடிய ஜிஸ்ட், டெஸ்மாய்டு, இன்ஃப்ளமேட்டரி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் ட்யூமர் என்ற மூன்று கட்டிகளையும் விலக்கிவிட்டீர்களா? கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்று போல இருப்பதால் இணையத்தில் தேடுபவர்கள் இதையும் அதையும் குழப்பிக்கொள்கிறார்கள். 'திரும்ப வரும், சிலருக்குப் பரவும்' என்று நீங்கள் படித்த பக்கம் பெரும்பாலும் அந்த மற்றதைப் பற்றியதாக இருக்கும்.

அம்மாவுக்கு வந்தது திரும்ப வருமா? முழுமையாக எடுத்தபின் திரும்ப வருவது மிக மிக அரிது. நிணநீர்க் கணுவுக்கோ கல்லீரலுக்கோ பரவும் குணம் இதற்கு இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் விளிம்புகள் சுத்தம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு சிடி, வருடத்துக்கு ஒரு பெட் என்று அட்டவணை போட எந்தக் காரணமும் இல்லை. கதிர்வீச்சும் செலவும் பயமும்தான் மிஞ்சும்.

பிள்ளைகளுக்கு வருமா என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கதை. இங்கிலாந்தில் டெவன் என்ற பகுதியில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாக இதே கட்டி பலருக்கு, அதுவும் ஒரே ஆளுக்குப் பல கட்டிகளாகவும் திரும்பத் திரும்பவும் வந்தது. 1984-ல் அதைப் பற்றி எழுதினார்கள், 'டெவன் பாலிபோசிஸ்' என்றே பெயர் ஆகிவிட்டது. மேலே சொன்ன ஜீன் மாற்றம் பிறவியிலேயே உடல் முழுதும் இருக்கும் குடும்பங்கள் சில உலகில் உண்டு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அவை விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். உங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு கட்டி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மாற்றம் கட்டியின் செல்களில் மட்டும்தான் இருக்கும், பிள்ளைகளுக்குப் போகாது. நீங்களும் உங்கள் தங்கையும் எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டாம். தாத்தா பாட்டி வழியில் யாருக்காவது குடல் செருகலோ ஜிஸ்ட்டோ வந்ததாகக் கேள்விப்பட்டால் மட்டும் ஒரு மரபியல் மருத்துவரைப் பாருங்கள்.

எதனால் வந்தது? அந்த ஒரு செல்லில் ஏன் மாற்றம் ஏற்பட்டது என்று மருத்துவத்துக்கு இன்னும் தெரியாது. காரம், ஊறுகாய், பிள்ளைகள் கொடுத்த கவலை, இவற்றை எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எந்த ஆதாரமும் இல்லை. அம்மா தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டிருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். மீன் சாப்பிட்டதால் வந்த புழுவா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1960-ல் நெதர்லாந்தில், சமைக்காத ஹெர்ரிங் மீன் சாப்பிட்டவர்களின் குடல் சுவரில் அனிசாக்கிஸ் என்ற புழு புகுந்து, ஈயோசினோஃபில் நிறைந்த வீக்கம் உண்டாக்குவதை வான் தீல் என்பவர் காட்டினார். ஸ்லைடில் இரண்டிலுமே ஈயோசினோஃபில் கூட்டம் இருப்பதால் சில காலம் ஒன்றாகவே பேசப்பட்டன. இரண்டும் வேறு. கொதிக்கும் மீன் குழம்பில் அந்தப் புழு பிழைப்பதும் இல்லை.

கேன்சர் பயத்தில் எல்லோரும் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு, உண்மையில் அம்மாவுக்கு இனி பார்க்க வேண்டியது இதுதான். வைட்டமின் பி12-ம் பித்த உப்பும் பெரும்பாலும் உறிஞ்சப்படுவது இலியத்தின் கடைசிப் பகுதியில்தான். அங்கே 20 சென்டிமீட்டருக்குள் வெட்டி எடுத்திருந்தால் பொதுவாகப் பாதிப்பு இருக்காது. 60-ஐத் தாண்டினால் பி12 குறைவு கிட்டத்தட்ட நிச்சயம். நடுவில் இருப்பது ஆளைப் பொறுத்தது. எடுத்தது இலியத்தின் கடைசிப் பகுதியா, அல்லது அதற்கு மேலேயா என்று சர்ஜனிடம் கேளுங்கள், ஆபரேஷன் நோட்டில் இருக்கும். பெருங்குடல் சேரும் இடத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி. மேலே என்றால் கவலை குறைவு. கடைசிப் பகுதி என்றால் இப்போது ஒருமுறை பி12 பார்த்துக்கொண்டு, பிறகு வருடத்துக்கு ஒருமுறை பார்த்து வாருங்கள். கல்லீரலில் சில வருடங்களுக்குப் போதுமான பி12 சேமிப்பு இருப்பதால், குறைபாடு உடனே தெரியாது. ஆபரேஷனை எல்லோரும் மறந்தபின், கால் மரத்துப் போகிறது, நடை தள்ளாடுகிறது, ஞாபகமறதி என்று வரும், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். அம்மா சைவம் என்றால் சேமிப்பே குறைவாக இருக்கும், முன்னதாகவே பார்க்க வேண்டும். குறைந்தால் ஊசி போட்டாலே சரியாகிவிடும்.

சாப்பிட்டவுடன் தண்ணீராகப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் இது சகஜம். நீடித்தால், உறிஞ்சப்படாத பித்த உப்பு பெருங்குடலை எரிச்சலூட்டுவதாக இருக்கலாம், அதற்கு கொலஸ்டிரமின் போன்ற மருந்து உண்டு. சாதாரண வயிற்றுப்போக்கு என்று நினைத்து ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. வயிற்றைத் திறந்த யாருக்கும் பிற்காலத்தில் உள்ளே ஒட்டல் ஏற்பட்டுக் குடல் அடைபடலாம். வயிறு உப்பி, இழுத்துப் பிடிக்கும் வலி, தொடர் வாந்தி, காற்றும் பிரியாமல் மலமும் போகாமல் இருப்பது, இவை சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அப்போது 'கட்டி திரும்பி வந்துவிட்டது' என்று பதற வேண்டாம், ஒட்டலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சாப்பாட்டைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். முதல் நாலைந்து வாரம் குடல் இணைத்த இடம் வீங்கிக் குறுகலாக இருக்கும். வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கொய்யா விதை, ஆரஞ்சுச் சுளையின் தோல் போன்ற நாரும் சக்கையும் வேண்டாம். குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், மோர், வேக வைத்த முட்டை, மசித்த காய் எல்லாம் கொடுக்கலாம். ஒரே வேளையில் நிறைய கொடுக்காமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒத்துக்கொண்டால் பழையபடி எல்லாம் சாப்பிடலாம். காரமும்தான்.